முடிப்பு அடி இல்லாத பாட்டு

கெங்கம்மாளைச் சாமைக்கொல்லையில் பேர் சொல்லி விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். மைக்செட்டுக்காரம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஜவ்வாது மலையில் அந்த நாளில் புளியமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

ஆசைப்பட்டு ஏறியவள் அல்ல. புருஷன் பழனி ஒடுகத்தூரில் பழைய செட்டாகப் பார்த்து வாங்கி வந்தான். ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்டும்போது கிளை முறிந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. செட் சும்மா கிடந்தால் வீட்டில் உலை கொதிக்காது. கெங்கம்மாள் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினாள். முதல் கல்யாணத்தில் சிரித்தவர்கள் அடுத்த கல்யாணத்தில் ஏணி பிடித்தார்கள்.

பழனி உட்கார்ந்த இடத்திலிருந்தே தொழிலைச் சொல்லிக்கொடுத்தான். முள் தேய்ந்தால் இசைத்தட்டு கீறும். பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் தட்டு மெதுவாகச் சுற்றும், பாடுகிறவள் குரல் தடித்து எருமை கத்துகிற மாதிரி ஆகிவிடும். ஒருமுறை ஒடுகத்தூர்க் கல்யாணத்தில் அப்படி ஆகி, மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெங்கம்மாள் அதை மறக்கவில்லை. அதன் பிறகு பேட்டரியைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு உண்மையில் கவலை செட்டைப் பற்றியது அல்ல, தங்கச்சியைப் பற்றியது.

தங்கச்சி பேர் சின்னக்குழந்தை. பக்கத்து வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஊர்க் காளியம்மன் அவள் மேல்தான் வரும். திருவிழாவில் அவள் ஆடி வாக்குச் சொன்னால்தான் ஊரில் விதைப்பு. ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. படுத்தால் திணறி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கெங்கம்மாள் வேலூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். இருதயத்தில் ஒரு கதவு சுருங்கிப்போயிருக்கிறது, மாத்திரையை விடக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

"சாமி வருதுங்களே, அதுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆடறத எவ்வளவு சுருக்கா முடிக்க முடியுமோ முடிங்க. ஒதடு நீலமாச்சுன்னா அதுக்கு மேல விடாதீங்க."

அதற்கும் கெங்கம்மாள் வழி கண்டுபிடித்தாள். பக்கத்துக் கொட்டாய்க் குடியிருப்பில் இருந்த பம்பைக்காரர் காசியிடம் போய்ச் சொன்னாள். சாமியை வரவழைக்க ஓர் அடி, ஆட ஓர் அடி, வந்த சாமியை மலையேற்றி அனுப்ப ஓர் அடி என்று பம்பையில் உண்டு. கடைசி அடியை முடிப்பு என்பார்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவில் இடம் விட்டுவிட்டு, ஆடுகிறவள் காலைத் தரையில் ஊன்ற வைத்து நிறுத்துவார்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு வருஷம் நடுவில் பம்பைத் தோல் கிழிந்து ஆடிக்கொண்டிருந்த ஆள் பாறையைப் பார்த்து ஓடித் தலையில் அடிபட்டு விழுந்தது ஊருக்கே தெரியும். ஆகவே ஏற்பாடு இப்படி: கெங்கம்மாள் மஞ்சள் தண்ணிக் குடத்தோடு தங்கச்சி பக்கத்தில் நிற்பாள். உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நிறம் மாறினால் குடத்தை இடுப்பு மாற்றுவாள். அதைப் பார்த்ததும் காசி முடிப்புக்கு இறங்கிவிடுவார். அந்த ஏற்பாட்டில் தங்கச்சி சில திருவிழாக்களைத் தாண்டினாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் அந்தப் பாட்டு வந்தது.

எந்தப் படத்துப் பாட்டு என்பதுகூட யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. படம் மலை ஏறி வரவில்லை, பாட்டு மட்டும் வந்தது. ஒரு பெண் மூன்று சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வாள். பின்னால் தகரத்தில் குச்சியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மேளக்காரன் யாரும் இல்லை, பட்டணத்தில் ஒரு மெஷினை முடுக்கிவிட்டால் அதுவே அடிக்கிறதாம். ஊரில் அதற்கு டப்பாப் பாட்டு என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில் அது, பஸ்ஸில் அது, செங்கம் சந்தையில் நாலு கடையில் நாலு பக்கமும் அது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாராவாரம் முதல் இடம் அதற்குத்தான். கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குக் காது புளித்துப்போயிற்று. ஆனாலும் முதல் இடம்.

கெங்கம்மாளுக்கு அந்தத் தட்டின் மேல் தனிக் கோபம் இருந்தது. அதற்கு முடிவு கிடையாது. மற்றப் பாட்டெல்லாம் ஓர் இடத்தில் வந்து நிற்கும், முள்ளை எடுக்கலாம். இது பாடிக்கொண்டே இருக்கும்போது யாரோ தூக்கிக்கொண்டு ரோட்டோடு போகிற மாதிரி சத்தம் குறைந்து குறைந்து காணாமல் போகும்.

"இன்னாய்யா பாட்டு இது, சொல்லாம கொள்ளாம எழுந்து போவுது" என்பாள் பழனியிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் ஊர்க்கவுண்டர் சின்னராசு உட்கார்ந்திருந்தார். பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் பேரை ரேடியோ வாசித்தது. ஜவ்வாது மலை, சாமைக்கொல்லை என்றதும் கடையே நிமிர்ந்தது. சின்னராசு, காசி, மாதம்மாள் என்று வரிசையாகப் பேர் வந்தது.

சின்னராசு டம்ளரை வைத்தார். "நான் எப்படா கேட்டேன்?"

"மாமா, ஒங்க அம்மா பேரும் வந்துச்சே" என்றான் ஒருத்தன்.

"எங்கம்மா தை மாசம் செத்தா. மேல போய்ட்டு இதத்தான் கேட்டாளாமா? இருக்கற வரைக்கும் ரேடியோவ நிறுத்துடான்னு உயிர வாங்கினவடா!"

கடை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போன திருவிழாவில் நன்கொடைப் பேர் எழுதிய பலகையைக் கட்டைப் பேனாவால் ஒருத்தன் குறித்துக்கொண்டு போனது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அந்தப் பேர்களைப் போட்டு அவனே ரேடியோவுக்குக் கார்டு எழுதியிருக்கிறான்.

அந்த ஒருத்தனே சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் மறுபடி வந்தான். பேர் சக்கரவர்த்தி. ரெக்கார்டுக் கம்பெனிக்கு ஆள். விளம்பரத் துணி கட்டிய வேன், கழுத்தில் கேமரா. புது ஆம்ப்ளிபையர், நாலு பெரிய குழாய், ஜெனரேட்டர் எல்லாம் இலவசம் என்றான். மூன்று பாட்டுக்கு ஒருமுறை அந்தப் பாட்டு போட வேண்டும், ஜனங்கள் ரசிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான் என்றான். இளவட்டங்கள் குதித்தார்கள். லைட்டும் செட்டும் சும்மா வருகிறது, பம்பைக்குச் செய்கிற செலவையும் இந்த வருஷம் விட்டுவிடலாம், விதைப்புக்குப் பூக்கட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. அது காசி காதில் விழ, அவர் செங்கம் பக்கம் வேறொரு திருவிழாவுக்கு வெற்றிலை வாங்கி ஒப்புக்கொண்டுவிட்டார்.

சின்னராசு கெங்கம்மாளிடம் வந்தார். "நீ இன்னா சொல்ற? செட்டு ஓட்டப்போறவ நீ. வேணான்னா வேணான்னுடலாம். எனக்கு அந்தப் பயலக் கண்டாலே ஆவல."

கெங்கம்மாள் கணக்குப் போட்டாள். பம்பை இல்லை என்றால் வரவழைப்பு இல்லை. வரவழைப்பு இல்லை என்றால் சாமி வராது. இந்த ஒரு வருஷம் தங்கச்சி ஆடாமல் தப்பிப்பாள். அந்தக் கோடையில் அவள் உடம்பு இன்னும் கெட்டிருந்தது. கிணற்றிலிருந்து வீடு வருவதற்குள் ரெண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.

"இருந்துட்டுப் போவட்டும் மாமா. டப்பாதான, காதுல பஞ்சு வெச்சிக்கலாம்" என்றாள்.

திருவிழா அன்று மத்தியானம் கோயில் முன்னால் ஊர் கூடியது. வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கெங்கம்மாள் குழாய்களைக் கட்டியிருந்தாள். கோயில் பக்கச் சுவரை ஒட்டி மேஜை, அதில் செட். சின்னக்குழந்தையை நிழலில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒன்னுமில்ல, ஏன் என்னயே பாத்துக்கினு கீற?"

"வாய மூடிக்கினு ஒக்காரு. மாத்தர போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

சாமி அலங்காரம் முடிந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில்தான் பம்பை ஆரம்பிக்கும். கோயில் முன்னால் ஒரு வெறுமை விழுந்தது. ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

சக்கரவர்த்தி கேமராவைத் தூக்கினான். "அம்மா, இப்பப் போடுங்க. கூட்டம் நல்லா நிக்குது."

"கற்பூரம் எரியறப்பவா? இருய்யா."

"அதான் நல்லாருக்கும். பேசினபடி செய்ங்க."

கெங்கம்மாள் முள்ளை வைத்தாள். பெண் மூன்று சொல்லைப் பாடினாள். பின்னால் நின்றவன் ஒருத்தன், "வந்துட்டாடா நம்ம மாமியா!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. பிறகு பாட்டின் நடு இடம் வந்தது. அங்கே குரல் நின்று மெஷின் அடி மட்டும் வரும்.

டீக்கடை ரேடியோவில் அது தகரச் சத்தம். நாலு பெரிய குழாய்களில், கற்பூரத்துக்கு எதிரில், தரை அதிர வந்தபோது அது வேறாக இருந்தது. பட்டணத்தில் யார் அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அடி அப்படியே பம்பையின் வரவழைப்பு. கெங்கம்மாள் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள். கை முள்ளுக்குப் போவதற்குள் பாயில் உட்கார்ந்திருந்தவள் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டு எழுந்துவிட்டாள்.

சின்னக்குழந்தை தலைமுடி அவிழ்ந்து வட்டத்துக்கு நடுவில் வந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர்கள் கை கூப்பினார்கள், ஆனால் கூப்பிய கை பாதியில் நின்றது. காளியம்மன் சினிமாத் தட்டுக்கு வருவாளா?

"பாருங்க, பாருங்க! சாமியே கேக்குது பாட்ட!" சக்கரவர்த்தி கேமராவோடு அங்கும் இங்கும் ஓடினான்.

"டேய், வாய ஒடச்சிருவேன்" என்றார் சின்னராசு.

பாட்டு தன் வழக்கப்படி குறைந்தது. குறைந்து, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிற்று. முள் கரகரத்தது.

சின்னக்குழந்தை நின்றாள். கண் சொருகிக் காதைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அடி எங்கே போயிற்று? போன திசையைப் பிடிக்கிறவள் மாதிரி கோயிலுக்குப் பின்னால் இருந்த பாறைச் சரிவைப் பார்த்து ஓடினாள். நாலு ஆண்கள் மறித்தார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். விட்டால் சரிவு, பிடித்தால் அவள் திமிறுகிற திமிறலில் மார்பு வெடித்துவிடும்.

"போடு! மறுபடி போடு!" என்று யாரோ அலறினார்கள்.

கெங்கம்மாள் முள்ளைப் பாட்டின் நடு இடத்துக்கு முன்னால் வைத்தாள். அடி வந்ததும் தங்கச்சி திரும்பினாள், வட்டத்துக்கு வந்து ஆடினாள். ஆட்டம் இன்னும் வேகமாக இருந்தது. மெஷினுக்குக் களைப்பு கிடையாது, இவளுக்கு உண்டு.

மஞ்சள் தண்ணியை யார் யாரோ ஊற்றினார்கள். விபூதி அடித்தார்கள். நாக்கில் கற்பூரம் வைத்தார்கள். மலையேறவில்லை. பாட்டு தேய ஆரம்பித்ததும் அவள் கண் பாறைப் பக்கம் போயிற்று. கெங்கம்மாள் முடிவதற்கு முன்னாலேயே முள்ளைத் தூக்கி முன்னால் வைத்தாள். வேறு தட்டை மாற்றிப் பார்க்க நேரமில்லை. மேஜைக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஜனம் நெருக்கியது. தலைகளுக்கு நடுவில் தங்கச்சி முகம் ஒரு நிமிஷம் தெரிந்தது.

உதடு நீலமாக இருந்தது. மூக்கின் ஓரமும் நீலம்.

கெங்கம்மாள் இடுப்பில் குடம் இல்லை. குடத்தை இடுப்பு மாற்றினால் பார்க்கக் காசியும் இல்லை.

"ஒடைங்கடா அந்தச் செட்ட!" சின்னராசு தடியோடு மேஜைக்கு வந்தார். பின்னால் ஒரு கூட்டம். இத்தனை மாதமாகக் காதில் அடைத்ததெல்லாம் அவர்கள் முகத்தில் இருந்தது. "செத்தவ பேர்ல பாட்டுக் கேட்டானுங்க. இப்ப இருக்கறவளச் சாவடிக்கறானுங்க!"

"கம்பெனி செட்டுங்க அது!" என்று சக்கரவர்த்தி குறுக்கே விழுந்தான்.

கெங்கம்மாள் மேஜையின் மேல் குனிந்து செட்டை ரெண்டு கையாலும் மறைத்தாள். "மாமா! ஒடச்சா அவ பாறைக்கு ஓடுவா. செத்த இரு மாமா. ஒன் கால்ல விழறேன், இரு!"

"இருந்து இன்னா பண்ணுவ?"

தட்டு அவள் மூக்குக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்பு வட்டம், நடுவில் சிவப்புக் காகிதம். அதையே பார்த்தாள். ஒடுகத்தூர்க் கல்யாணத்தில் பேட்டரி இறங்கித் தட்டு மெதுவாகச் சுற்றியதே.

கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. பூப்போல வைத்தாள். அடி ஒரு துளி இறங்கியது.

கண்ணைத் தங்கச்சி காலில் வைத்துக்கொண்டாள். கால் ஒரு தாளம் தடுமாறி, புது வேகத்தைப் பிடித்தது. கெங்கம்மாள் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பாடுகிறவள் குரல் தடித்தது. மெஷின் தோல் வைத்த மேளம் மாதிரி ஆழமாக அடித்தது. செட்டின் பக்கத்தில் வேகம் மாற்றும் கம்பி ஒன்று உண்டு. பெரிய தட்டுக்கு ஓர் இடம், சின்னத் தட்டுக்கு ஓர் இடம். இடது கையால் அதை மெதுவாகச் சுற்றும் பெரிய தட்டு இடத்துக்குத் தள்ளி, துள்ளல் தெரியாமல் வலது கட்டைவிரலால் தாங்கிக்கொண்டாள். குரல் ஆண்குரலானது, பிறகு எருமைக்குரலானது. கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. கிழவி ஒருத்தி, "தாயே, பேசறாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

சின்னராசுவின் தடி மெல்ல இறங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைக் கையால் ஒதுக்கி, கெங்கம்மாளுக்கும் வட்டத்துக்கும் நடுவில் வழி செய்தார். "ஒதுங்குங்கடா. அவ காலப் பாக்கணும்."

அடிக்கும் அடிக்கும் நடுவில் இடம் விழுந்தது. காசி விடுகிற இடம் எவ்வளவு என்று கெங்கம்மாளுக்குத் தெரியும், இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றவள். விரல் சூடேறி எரிந்தது. எடுக்கவில்லை. தங்கச்சியின் வலது கால் ஊன்றியது. இடது கால் தூக்கி, தயங்கி, ஊன்றியது. ஓர் அடி. வெகு நேரம் கழித்து இன்னோர் அடி, பூமிக்குள்ளிருந்து வருவது போல. கெங்கம்மாள் தட்டை நிறுத்தினாள்.

சின்னக்குழந்தை நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தாள். பெண்கள் தாங்கினார்கள்.

"மலையேறிட்டா" என்றார் சின்னராசு.

கெங்கம்மாள் அதற்குள் வட்டத்தில் இருந்தாள். தங்கச்சியைப் படுக்க விடவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்துத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள், ரவிக்கை முடிச்சைத் தளர்த்தினாள், சுற்றி நின்றவர்களைக் காற்று விடச் சொல்லித் திட்டினாள். மூச்சு ஓடியது. கழுத்து நரம்பு குதித்தது. உதட்டில் நீலம் போகவில்லை.

"யோவ்! வேன்ல இருக்கறத எறக்கு" என்றாள் சக்கரவர்த்தியைப் பார்த்து.

"வேனா? அது கம்பெனி..."

அவன் முடிக்கவில்லை. பெண்களே விளம்பரத் துணியை அறுத்துக் கட்டாந்தரையில் எறிந்து, பெட்டிகளை இறக்கிவிட்டார்கள். சின்னராசு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தடியைக் காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டார். "ஓட்டு தம்பி. கொண்டை ஊசியில மட்டும் மெதுவா. மத்த எடத்துல கம்பெனி வேன் எவ்ளோ வேகம் போவும்னு பாக்கறேன்."

வேலூர் வரைக்கும் கெங்கம்மாள் தங்கச்சியை நிமிர்த்தியே பிடித்திருந்தாள். கால் மரத்துப்போயிற்று.

சின்னக்குழந்தை பிழைத்தாள். நுரையீரலில் கோத்திருந்த நீரை ஊசி போட்டு இறக்கினார்கள். சுருங்கின கதவை விரித்துவிட ஆபரேஷன் செய்ய வேண்டும், உடம்பு தேறட்டும் என்றார்கள். இனிமேல் சாமி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சின்னராசுவே வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷத்துக்குக் காசிக்கு இப்போதே வெற்றிலை கொடுத்தாயிற்று என்றார். புது ஆம்ப்ளிபையரைக் கெங்கம்மாள் சொன்னபடி ஒடுகத்தூர் வழியாகக் கம்பெனிக்கே பஸ்ஸில் ஏற்றி அனுப்பியாயிற்றாம்.

"பழைய செட்டே போதும். எனக்கு ஒரு பேட்டரி, ஒரு முள்ளு. யார் கட்டாயமும் வேணாம்" என்றாள் அவள்.

பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமியே மயங்கி ஆடிய பாட்டு என்று போட்டோவோடு ஏதோ பத்திரிகையில் போட்டார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை வார்டில் ஆயா ஜன்னலில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தாள். முதல் இடம் என்று அறிவித்தார்கள். "அடப் போங்கய்யா, இன்னும் இதேதானா" என்று அடுத்த கட்டிலில் இருந்தவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

பெண் பாடினாள். நடு இடம் வந்தது. தகரச் சத்தம்தான், சின்னச் சத்தம். ஆனால் கெங்கம்மாள் போர்வையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி கண் மூடியிருந்தது. கால் கட்டைவிரல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

கெங்கம்மாள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சத்தத்துக்கான திருகியைப் பிடித்து, கண்ணைக் காலில் வைத்துக்கொண்டு, ஒரு நூல் திருப்பினாள். பிறகு இன்னொரு நூல்.

"இன்னாம்மா இது, டப்புனு ஆஃப் பண்ண வேண்டியதுதான?" என்றாள் ஆயா.

"ஆவாது. எறக்கித்தான் நிறுத்தணும்."

தங்கச்சி கால்விரல் அடங்கிப் படுத்தது. கெங்கம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் திருகியிலிருந்து கையை எடுக்காமல் நின்று பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனாள்.